டெக்சாஸ் ஏ&எம் விளையாட்டும் பன்னிரண்டாவது ஆளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இருக்கிறது டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழகம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க இங்கே வந்து இறங்குகிறார்கள். வந்த சில வாரங்களில் பல்கலைக்கழக அணியின் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் ஒரு சனிக்கிழமை, ஊர் முழுக்க அணியின் நிறமான மெரூன் சட்டையாக மாறும். (இங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.) அன்றிலிருந்து கேள்விகள் ஆரம்பிக்கும். பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு காலேஜ் டீமுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அமெரிக்காவில் பல ஊர்களுக்குச் சொந்தமாகத் தொழில்முறை அணி கிடையாது. காலேஜ் ஸ்டேஷனும் அப்படித்தான். தொழில்முறை ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஹூஸ்டனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காரில் போகவேண்டும். அதனால் இங்கே பல்கலைக்கழக அணிதான் ஊர் அணி.

ஆனால் ஏ&எம்முக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1876-ல் விவசாயமும் இயந்திரவியலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியாகத் தொடங்கியபோது இது ராணுவப் பயிற்சிக் கல்லூரியாகவும் இருந்தது. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் கேடட்கள். ஒன்றாக எழுந்து, ஒன்றாக அணிவகுத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகவே ஆட்டம் பார்க்கப் போனவர்கள். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1963-ல். கேடட் பயிற்சி கட்டாயமில்லை என்றானது 1965-ல். இன்று 70,000 மாணவர்களுக்கு மேல் படிக்கிறார்கள், அதில் கேடட்கள் சின்னப் பங்குதான். இருந்தாலும் மைதானத்தில் நடப்பதெல்லாம் அந்தப் பழைய கேடட்கள் விட்டுப்போன பழக்கங்கள். இங்கே படிப்பவர்களையும் அணியையும் குறிக்கும் ஆகீஸ் என்ற பெயரும் அந்த விவசாயக் கல்லூரிக் காலத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயங்கள் தானாகப் புரிந்துவிடும்.

எங்கே பார்த்தாலும் 12 என்று எழுதியிருக்கிறதே, அது யார்?

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்றால் தண்ணீர் கொண்டுவருபவர். இங்கே அந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை உண்டு. அதற்குக் காரணம் 1922 ஜனவரி 2-ம் தேதி டாலஸ் நகரில் நடந்த ஒரு ஆட்டம்.

எதிரணி கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரி. சின்னக் கல்லூரிதான், ஆனால் அதே சீசனில் ஹார்வர்டையே 6-0 என்று வீழ்த்திய அணி. ஏ&எம் ஜெயிக்கும் என்று நினைத்தவர்கள் குறைவு. ஆட்டம் தொடங்கியதும் ஏ&எம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வந்தார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துகொண்டே போனார்கள். பயிற்சியாளர் டானா எக்ஸ். பைபிளுக்கு அப்போது ஈ. கிங் கில் என்ற மாணவர் நினைவு வந்தது. கில் ஃபுட்பால் அணியில் இருந்தவர், கூடைப்பந்துக்காக அதைவிட்டு விலகியிருந்தார். அன்று மேலே பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, களத்தில் யார் யார் என்று நிருபருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பைபிள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கில் கீழே இறங்கிவந்தார். பார்வையாளர் மேடைக்கு அடியில், அடிபட்டிருந்த ஹெய்னி வியரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு களத்தின் ஓரத்தில் வந்து நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். ஏ&எம் 22-14 என்று ஜெயித்தது. கடைசியில் மாற்று ஆளாக மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். அவரைக் களத்தில் இறக்கவே இல்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வரி. கில் புள்ளி எடுக்கவில்லை, பந்தைத் தொடக்கூட இல்லை. தானும் ஓடிப்போய் வெற்றி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) அடித்ததாகச் சொல்ல ஆசைதான், ஆனால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நின்றது மட்டும்தான் தான் செய்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். பிறகு டாக்டரானார். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது.

1939-ல் முன்னாள் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஈ. ஈ. மெக்குயிலன் இதை வானொலி நாடகமாக எழுதிய பிறகுதான் கதை ஊரெல்லாம் பரவியது. அன்றிலிருந்து மாணவர் கூட்டம் மொத்தமும் தன்னையே பன்னிரண்டாவது ஆள் என்று எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் ஆட்டம் முழுக்க மாணவர்கள் உட்காருவதில்லை. மூன்றரை மணி நேரம் ஆனாலும் நிற்பார்கள்.

அது வெறும் அடையாளம்தானா, நிஜமாகவே மாணவர்கள் களத்தில் இறங்கியதுண்டா?

இறங்கியிருக்கிறார்கள். 1983-ல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில், விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லாத சாதாரண மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சொந்த மைதானத்து ஆட்டங்களில் கிக்ஆஃப் சமயத்தில், அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்போது, இறக்கினார். எதிரணியின் ஓட்டக்காரரைத் தடுத்து நிறுத்தவேண்டிய, எலும்பு முறியக்கூடிய வேலை அது. பிறகு அது ஒரே ஒரு மாணவராகச் சுருங்கியது. இப்போதும் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்த ஒருவருக்கு 12-ம் எண் சட்டை கிடைக்கிறது. அந்தச் சட்டையைப் போடுவது இங்கே பெரிய கௌரவம்.

பன்னிரண்டாவது ஆள் என்ற சொல்லைப் பல்கலைக்கழகம் 1990-ல் வணிக முத்திரையாகப் பதிவு செய்தது. தொழில்முறை ஃபுட்பால் அணியான சியாட்டில் சீஹாக்ஸ் அதைப் பயன்படுத்தியபோது 2006-ல் வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மைதானத்துக்கு கைல் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவர் பெரிய ஆட்டக்காரரா?

இல்லை, தோட்டக்கலைப் பேராசிரியர்! எட்வின் ஜாக்சன் கைல். 1904-ல், தன் துறைக்குப் பயிர் ஆராய்ச்சிக்காக ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதியை வேலிபோட்டு ஃபுட்பாலுக்குக் கொடுத்தார். பக்கத்து ஊரான பிரையனில் பொருட்காட்சித் திடலில் இருந்த மர மேடையை வாங்கிவந்து நிறுத்தினார். சுமார் 500 பேர் உட்காரலாம்.

அதே இடத்தில் இன்று 1,02,733 பேர் உட்காரலாம். 2015-ல் முடிந்த பெரிய விரிவாக்கத்துக்கு ஏறக்குறைய 485 மில்லியன் டாலர் செலவானது. 2014 அக்டோபரில் மிசிசிப்பிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,10,633 பேர். உச்சியில் வரிசையாகப் பறக்கும் 55 கொடிகள் முதல் உலகப் போரில் இறந்த ஆகீஸ் மாணவர்களின் நினைவாக வைத்தவை.

இந்த மைதானம் கண்ட நாட்களில் ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த 11-ம் நாள், ஓக்லஹோமா ஸ்டேட்டோடு ஆட்டம். சில மாணவர்கள் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள்: மேல் அடுக்கில் இருப்பவர்கள் சிவப்பு, நடு அடுக்கு வெள்ளை, கீழ் அடுக்கு நீலச் சட்டை போட்டு வரவேண்டும். நிர்வாகம் போட்ட திட்டம் இல்லை. ராத்திரி பகலாக டி-ஷர்ட் அச்சடித்து ஏறக்குறைய 70,000 விற்றார்கள். ஆட்டத்தன்று மைதானம் முழுக்க மூன்று நிறப் பட்டையாக நின்றது. லாபம் 1,80,000 டாலர் அளவுக்கு வந்தது, நியூயார்க் தீயணைப்பு, காவல் துறையினரின் குடும்பங்களுக்குப் போனது. ஒரு கூட்டத்துக்குச் சேர்ந்து நிற்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால்தான் சில நாட்களில் இப்படி ஒரு காரியம் நடக்கும்.

சியர்லீடர்கள் ஏன் இல்லை? வெள்ளை உடையில் கையை ஆட்டுகிறவர்கள் யார்?

அவர்கள் யெல் லீடர்கள், கூட்டத்தின் கோஷத்தை வழிநடத்துகிறவர்கள். மொத்தம் ஐந்து பேர், மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். டெக்சாஸ் கவர்னராக நீண்ட காலம் இருந்த ரிக் பெர்ரி மாணவராக இருந்தபோது யெல் லீடர்தான்.

அவர்கள் காட்டும் கைச் சைகையைப் பாருங்கள். ஒவ்வொரு கோஷத்துக்கும் ஒரு சைகை உண்டு. கீழ் வரிசையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அப்படியே தலைக்குமேல் காட்ட, பின்வரிசை அதைப் பார்த்துக் காட்ட, சில நொடிகளில் மேல் அடுக்குவரை போய்விடும். அப்புறம் எல்லாரும் இடுப்பை வளைத்து, முழங்காலில் கையூன்றி, ஒரே குரலில் கத்துவார்கள். 30,000 மாணவர்கள் ஒரே நேரத்தில் குனிவதைப் பார்க்கும்போது முதல் முறை கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கும்.

சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு முந்தின இரவு, நள்ளிரவு 12 மணிக்கு இதற்கு ஒத்திகை நடக்கும். மிட்நைட் யெல் என்பார்கள். 1930-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம். விளக்கை அணைத்ததும் ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வது வழக்கம், அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: எதிரணியைப் பார்த்துக் கூச்சலிட்டு அவமதிப்பது இங்கே மரபு இல்லை. ஜெயித்தால் முதலாண்டு கேடட்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு சின்ன நீர்த்தொட்டியில் போடுவார்கள். தோற்றால் கூட்டம் கலையாமல் நின்று, அடுத்த ஆட்டத்துக்காக அங்கேயே ஒரு சுற்று கோஷம் போட்டுவிட்டுத்தான் வெளியேறும். தோற்றபிறகு அங்கே நின்றிருக்கிறேன். ஜெயித்த நாளைவிட அன்றுதான் இந்த இடத்தின் குணம் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

அந்த நாய்க்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

ரெவலி. கேடட் படையிலேயே உயர்ந்த பதவி அவளுக்குத்தான். மாணவர் தளபதிக்கு நான்கு வைரச் சின்னம், ரெவலிக்கு ஐந்து.

1931-ல் சில கேடட்கள் காரில் வரும்போது தெருநாய் ஒன்று அடிபட்டது. விடுதியில் நாய்க்கு அனுமதி இல்லை. ஒளித்துக் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் காலை எழுப்பும் எக்காளத்தை ஊதியதும் நாய் குரைத்தது. அந்த எக்காள இசையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். 1944-ல் அது இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1966-ல் வந்த மூன்றாவது ரெவலியிலிருந்து எல்லாமே நீண்ட ரோமமுள்ள கோலி இனம். இப்போது இருப்பது பத்தாவது ரெவலி.

பார்த்துக்கொள்ளும் கேடட் வகுப்புக்கும் கூட்டிக்கொண்டு போவார். பாடம் நடக்கும்போது அவள் குரைத்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தமாம். அவருடைய கட்டிலில் அவள் படுத்துவிட்டால் அவர் தரையில் படுக்கவேண்டும்.

மைதானத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே பழைய ரெவலிகளின் கல்லறைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஸ்கோர் பலகை தெரியும்படி வைத்த கல்லறைகள். மைதானத்தைப் பெரிதாக்கியபோது புதுச் சுவர் மறைத்துவிட்டது. அதனால் வெளியே அவற்றுக்கென்றே தனியாக ஒரு சின்ன ஸ்கோர் பலகை வைத்தார்கள்.

இடைவேளையில் அணிவகுக்கும் இசைக்குழு?

நாட்டின் மிகப் பெரிய ராணுவ பாணி அணிவகுப்பு இசைக்குழு. எல்லாரும் கேடட்கள். 1894-ல் இதைத் தொடங்கியவர் ஜோசப் ஹோலிக், செருப்புத் தைக்கும் தொழிலாளி. கல்லூரியில் பூட்ஸ் வேலைக்கு வந்தவருக்கு இசை தெரிந்திருந்தது. கடைசியாண்டு கேடட்கள் முழங்கால்வரை போடும் பழுப்புத் தோல் பூட்ஸும் அவர் கடையோடு சேர்ந்த சரித்திரம்தான். இடைவேளையில் டீ வாங்கப் போய்விடாதீர்கள். நான்கு பக்கமும் பிரிந்து ஒருவரை ஒருவர் ஊடுருவிக் கடக்கும் அந்த நடைக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜங்ஷன் பாய்ஸ் என்று பழைய ஆட்கள் பேசுகிறார்களே?

1954-ல் பயிற்சியாளராக வந்த பால் "பேர்" பிரையன்ட், செப்டம்பரில் அணியை ஜங்ஷன் என்ற மலைப்பாங்கான சிற்றூருக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். வறட்சிக் காலம், கொளுத்தும் வெயில், கல்லும் முள்ளும் நிறைந்த தரை. பயிற்சியின் நடுவே தண்ணீர் கிடையாது. பத்து நாளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓடிவிட்டார்கள், சிலர் ராத்திரியோடு ராத்திரியாக. மிஞ்சியவர்களோடு ஆடிய அந்த சீசனில் ஒரே ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. இரண்டு வருஷம் கழித்து, 1956-ல், தோல்வியே இல்லாமல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டம்.

இதை வீரக் கதையாகவே சொல்வார்கள். தாக்குப்பிடித்தவர்களின் மன உறுதியை மதிக்கிறேன். ஆனால் வெயிலில் தண்ணீர் தராமல் பிள்ளைகளை ஓடவிட்டதைப் பயிற்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட பயிற்சியில் உயிர் போயிருக்கலாம். அந்த முகாமில் தாக்குப்பிடித்த ஜீன் ஸ்டாலிங்ஸ் பிறகு ஏ&எம்முக்கே பயிற்சியாளரானார். 1968 ஜனவரி 1-ல், சீசன் முடிவில் நடக்கும் காட்டன் பவுல் ஆட்டத்தில் அலபாமாவை 20-16 என்று வென்றார். எதிரே அலபாமாவின் பயிற்சியாளர் அதே பிரையன்ட்.

ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு என்ன பகை?

1894-ல் முதல் ஆட்டம், 38-0 என்று தோல்வி. அதிலிருந்து 2011 வரை 118 முறை மோதினார்கள். டெக்சாஸுக்கு 76 வெற்றி, ஏ&எம்முக்கு 37, ஐந்து சமன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஒரே வீட்டில் இரண்டு கட்சியாக உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம் இது.

2012-ல் ஏ&எம் பழைய கூட்டமைப்பைவிட்டு எஸ்.ஈ.சி. என்ற வேறொரு விளையாட்டுக் கூட்டமைப்புக்குப் போனதும் ஆட்டமே நின்றுபோனது. 2011-ல் கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த பந்தில் 27-25 என்று தோற்றதோடு அப்படியே 13 வருஷம் போய்விட்டது. டெக்சாஸும் எஸ்.ஈ.சி.க்கு வந்தபிறகு 2024 நவம்பர் 30-ல் கைல் ஃபீல்டில் மறுபடி மோதினார்கள். டெக்சாஸ் 17-7 என்று ஜெயித்தது. தோற்றாலும் ஆட்டம் திரும்பிவந்ததே எனக்குப் பெரிது.

போன்ஃபயர் என்றால் என்ன? அதை ஏன் நிறுத்தினார்கள்?

டெக்சாஸ் ஆட்டத்துக்கு முன்னால் பெரிய சொக்கப்பனை கொளுத்துவது 1909-லிருந்து இருந்த வழக்கம். முதலில் குப்பை, பெட்டி, பலகை. பிறகு மாணவர்களே காட்டில் மரம் வெட்டிவந்து அடுக்கடுக்காக நிறுத்தத் தொடங்கினார்கள். 1969-ல் அது 109 அடி உயரம். 1963-ல் மட்டும் கொளுத்தவில்லை, ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதால் கட்டியதைப் பிரித்துவிட்டார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. ஏறக்குறைய 5,000 மரங்கள் கொண்ட அடுக்கு, மேலே மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். இயந்திரத்தால் இழுத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள்மேல் சரியும் என்பதால் பல கட்டைகளைக் கையாலேயே தூக்கவேண்டியிருந்தது. ஃபுட்பால் அணி பயிற்சியை விட்டுவிட்டு வந்து கட்டை தூக்கியது.

எட்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக இசைக்குழு அஞ்சலி இசை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி களத்தைவிட்டு வெளியேறியது. நூறு வருஷப் பகைக்காரர்கள். ஆகீஸ் ரசிகர்கள் இன்றும் அதை நன்றியோடுதான் சொல்கிறார்கள். ஏ&எம் 20-16 என்று ஜெயித்தது.

விசாரணைக் குழு சொன்ன காரணம் தெளிவானது. இரண்டாம் அடுக்கு மரங்களை முதல் அடுக்குக்குள் ஆப்புபோல அடித்து இறக்கினார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு முதல் அடுக்கைச் சுற்றிக் கட்டு இல்லை. பொறியாளர் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்து வந்த முறை அது. பொறியியலுக்குப் பெயர்போன பல்கலைக்கழகத்தில் இது நடந்தது என்பது இன்னும் வலிக்கிறது.

அதன்பிறகு வளாகத்துக்குள் போன்ஃபயர் இல்லை. வெளியே தனியார் நிலத்தில் சில மாணவர்கள் தாங்களாக நடத்துகிறார்கள். 2024-ல் டெக்சாஸ் ஆட்டம் திரும்பியபோது போன்ஃபயரையும் கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. நிர்வாகம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அது சரியான முடிவு. விபத்து நடந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. வட்டத்தில் 12 வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி. அதற்குப் போகும் பாதையில் வருஷத்துக்கு ஒரு கல், 1963-க்கு இடைவெளி.

இவ்வளவு கூட்டமும் மரபும் இருக்கிறதே, எத்தனை சாம்பியன்ஷிப்?

ஃபுட்பாலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தேசியப் பட்டம் ஒன்று, 1939-ல். 1919-ல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் எல்லா ஆட்டமும் ஜெயித்தார்கள், அதையும் பல்கலைக்கழகம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை இரண்டு: 1957-ல் ஜான் டேவிட் க்ரோ, 2012-ல் ஜானி மேன்ஸல். முதலாண்டு ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது மேன்ஸல்தான் முதல் முறை. அவ்வளவுதான். கோப்பை கணக்கில் அலபாமாவோடு ஒப்பிடவே முடியாது. எண்பது வருஷமாகப் பட்டம் இல்லாமல் லட்சம் பேர் வந்து நிற்கிறார்கள் என்றால், அவர்கள் கோப்பைக்காக மட்டும் வரவில்லை.

ஃபுட்பாலை விட்டால்? பெண்கள் அணிகள்?

உண்மையில் நவீன காலத்து வெற்றிகளில் பெரிய பங்கு அவர்களுடையது. 2011-ல் கேரி பிளேர் பயிற்சியில் பெண்கள் கூடைப்பந்து அணி நோட்ர டேமை 76-70 என்று வீழ்த்தி தேசியப் பட்டம் வென்றது. 2009, 2010, 2011 மூன்று வருஷமும் தடகளத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் ஏ&எம்முக்கே. 2024-ல் பெண்கள் டென்னிஸ் அணி முதல் முறையாக தேசியப் பட்டம் வென்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்ற ஆதிங் மூ அதற்குச் சற்று முன்புதான் இங்கே ஓடிக்கொண்டிருந்தார். 1963 வரை பெண்களுக்குக் கதவே திறக்காத இடம் இது என்பதை நினைத்தால், இந்த வெற்றிகளுக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்துப் பேசவேண்டும். பேச்சு இன்னமும் ஃபுட்பாலையே சுற்றுகிறது.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டா?

முன்பு ஸ்காலர்ஷிப் மட்டும். 2021-லிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-ல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர். பயிற்சியாளர்களுக்குப் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது நியாயம்தான். 2023-ல் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டியது 75 மில்லியன் டாலருக்கும் மேல்.

இந்தியாவிலிருந்து வரும் மாணவர் கல்லூரி அணியில் ஆட முடியுமா?

தகுதி இருந்தால் முடியும். சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார். உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட்டில் படித்தபடி தேசியப் பட்டம் வென்றார். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் விளம்பரப் பணம் வாங்குவதில் சிக்கல் உண்டு, கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. பொழுதுபோக்காக ஆட வேண்டுமென்றால் மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடும் இன்ட்ராமூரல் போட்டிகள் இருக்கின்றன.

முதல் முறை ஆட்டத்துக்குப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மாணவர்கள் ஸ்போர்ட்ஸ் பாஸ் வாங்கி, அந்த வாரத்தில் கவுன்டரில் டிக்கெட் எடுக்கவேண்டும். மேல் வகுப்புகளுக்கு முதலில், முதலாண்டுக்கு கடைசியில். பெரிய ஆட்டங்களுக்குக் கூடாரம் போட்டு வரிசையில் தூங்குகிறார்கள். மெரூன் சட்டை போடுங்கள், ஆரஞ்சு வேண்டாம், அது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிறம். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான் அனுமதி. செப்டம்பர் வெயில் நம்ம ஊர் கத்திரி வெயிலுக்குக் குறைந்ததில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

அம்மா அப்பாவுக்கு மூன்றரை மணி நேரம் நிற்பது முடியாது. அவர்களை மாணவர் பகுதிக்குக் கூட்டிப்போகாமல் எதிர்ப்பக்கத்தில் டிக்கெட் எடுங்கள். இல்லையென்றால் வசந்த காலத்தில் வந்தால் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாம். ஓல்சன் ஃபீல்டில் டிக்கெட்டும் மலிவு, உட்கார்ந்தே பார்க்கலாம், ஏ&எம் ரன் எடுக்கும்போதெல்லாம் கூட்டம் சோப்புக் குமிழி ஊதும். குழந்தைகள் இருந்தால் ஊதும் குச்சி ஒன்று கையோடு எடுத்துப் போங்கள்.